ஆத்தா முகம் காட்டாத கனா

பிள்ளைகளா,

போன வாரம் ஒரு காலையில் பல் விளக்கிக்கொண்டே நீங்கள் இரண்டு பேரும் அத்தையிடம் கனாச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். சின்னவன் கண்ட கனாவில் அவன் சைக்கிளுக்குச் சிறகு முளைத்து மெட்டு மலைக்கு மேலே பறந்ததாம். அது கனா இல்லை, முந்தின நாள் தின்ற பரோட்டா செய்கிற வேலை என்று அத்தை தள்ளிவிட்டாள். பெரியவள்தான் என் பக்கம் திரும்பி, செத்துப்போனவர்கள் கனாவில் வந்தால் அது அவர்கள்தானா, நம்மிடம் என்னமோ சொல்லத்தான் வருகிறார்களா என்று கேட்டாள். ஜீப்புக்காரர் தெருமுனையில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை வந்து சொல்கிறேன் என்று ஓடிவிட்டேன். மெட்டு ஏறுகிற வழியெல்லாம், ஒவ்வொரு வளைவிலும், அந்தக் கேள்வி என் மடியில் உட்கார்ந்தே வந்தது.

வாயால் சொன்னால் நடுவில் அத்தை பேசுவாள், அம்மா சிரிப்பாள், கதை எங்கேயோ போய்விடும். அதனால் எழுதுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும். ஆனால் நடந்ததை மாற்ற வேண்டாம். ஏனென்றால், பெரியவளே, இது நீ பிறப்பதற்கு முன்னால் நடந்தது. நீ இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்த கதை.

என் ஆத்தா, உங்களுக்கு அப்பத்தா, ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தவள். விடியுமுன்னே போடியில் ஜீப்பு ஏறுவாள். பொழுது அடைந்த பிறகு, கையில் ஏலக்காய் வாசமும் காலில் அட்டை கடித்த தழும்புமாகத் திரும்புவாள். நான் சின்னப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோதே மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. மூக்குத்தி போட்டிருந்தாள் என்று தெரியும், எந்தப் பக்கம் என்று தெரியாது. எப்படி இருப்பாள் என்று கேட்டால் அத்தை தன் மூக்கைத் தொட்டுக் காட்டுவாள், நெற்றியைத் தொட்டுக் காட்டுவாள், தாடை மட்டும் உன்னுது என்பாள். அத்தை முகத்தில் என் தாடையை ஒட்டவைத்துப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும், ஆத்தா வரமாட்டாள்.

தாலியோடும் பூவோடும் போனவள் என்பதால் அவளை வீட்டுச் சாமியாக வைத்துக் கும்பிடுகிறோம். பீரோவுக்கு மேலே இருக்கிற ஓலைப்பெட்டி அவளுடையதுதான். ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை புதுச்சேலை, வளையல், மஞ்சள், பூ எல்லாம் வைத்து, மொச்சைக் குழம்பும் பணியாரமும் படைப்போம். புதுச்சேலை பெட்டிக்குள் போகும். போன வருஷத்துச் சேலை வெளியே வரும். வெளியே வருகிற சேலையை வீட்டுப் பெண் உடுத்திக்கொள்ள வேண்டும். எப்போதும் அத்தைதான் உடுத்துவாள். அவள்தானே மகள்.

நான் சொல்லப்போகிற வருஷம் ஆடியில் மலைமேல் கொட்டு கொட்டென்று கொட்டியது. மெட்டுக்கு அந்தப் பக்கம் மண் சரிந்து ரோடு அடைந்துவிட்டது. நான் தோட்டத்து லயத்திலேயே, வேலையாட்கள் தங்குகிற வரிசை வீட்டில், மாட்டிக்கொண்டேன். இப்போது செய்கிற அதே சோலிதான் அப்போதும், காய் உலர்த்துகிற ஸ்டோரில் தீப் போடுவது. மகன் இல்லாமல் படையல் போடக்கூடாது என்று அத்தை விட்டுவிட்டாள். ரோடு திறக்கும்போது ஆடி முடிந்திருந்தது. வருகிற ஆடிக்குச் சேர்த்துச் செய்துகொள்ளலாம் என்று பேசிக்கொண்டோம்.

அப்போது உங்கள் அம்மா உண்டாகியிருந்தாள். அதற்கு முன்னால் இரண்டு தடவை உண்டாகித் தங்காமல் போயிருந்தது. உங்களிடம் இதை நாங்கள் சொன்னதில்லை, ஒளித்ததும் இல்லை. பேச்சு வரவில்லை, அவ்வளவுதான். அம்மாவும் தோட்டத்தில் காய் எடுத்தவள்தான். இந்தத் தடவை டாக்டரம்மா மலை ஏறவே கூடாது என்று சொல்லி, மாத்திரை எழுதிக் கொடுத்து, படுத்தே இரு என்று சொல்லியிருந்தார். அம்மா போடியில், பக்கத்து வாசலில் அத்தை துணையோடு. நான் மேலே. சனிக்கிழமை சாயங்காலம் இறங்கி வருவேன், திங்கட்கிழமை விடியலில் ஏறிவிடுவேன்.

ஆவணி பிறந்த சமயம், லயத்தில் படுத்திருந்தபோது, விடியற்காலையில் அந்தக் கனா வந்தது.

ஏலக்காட்டுக்குள் நடந்துபோகிறேன். தலைக்கு மேலே தட்டைகள் வளைந்து கிடக்கின்றன. தட்டை என்றால் ஏலச்செடியின் தண்டு, கரும்பு மாதிரி ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும். மழை விட்டுத் தண்ணீர் சொட்டுகிறது. எனக்கு முன்னால் ஒரு பொம்பளை போகிறாள். தலையிலிருந்து முதுகுவரை மழைக்குப் போர்த்துகிற பிளாஸ்டிக் கொங்காணி, இடுப்பில் கூடை. நடையைப் பார்த்ததும் ஆத்தா என்று தெரிந்துவிட்டது. ஆத்தா என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். முதுகைக் காட்டிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தாள். வேகமாக நடந்தால் எட்டிப்பிடித்துவிடலாம்போல இருக்கிறது, ஆனால் எட்டவில்லை. எழுந்து உட்கார்ந்தபோது தொண்டை வலித்தது. நிஜமாகவே கூப்பிட்டிருக்கிறேன். பக்கத்தில் படுத்திருந்தவர், யாரப்பா ஆத்தா, நானா என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து அதே கனா. அதே ஈரம், அதே முதுகு.

சனிக்கிழமை இறங்கியதும் முதலில் அத்தை வாசலில்தான் போய் நின்றேன். நம் தெருவில் கனாவுக்குப் பலன் சொல்ல அத்தையை விட்டால் ஆள் கிடையாது. அதைக் கேலியாகச் சொல்லவில்லை. எங்கள் அப்பா செத்த மறுவருஷம் அவள் கனாவில் வந்து, வெறும் டம்ளரை நீட்டிக்கொண்டு நின்றாராம். காலையில் எழுந்து டீப் போட்டு, வாசலுக்கு முதலில் வருகிறவருக்குக் கொடுப்பது என்று உட்கார்ந்துவிட்டாள். முதலில் வந்தவர் கேஸ் சிலிண்டர் போடுகிறவர். அவர் டீக் குடிக்கமாட்டாராம். விடுவாளா. சிலிண்டரை இறக்கக்கூட விடாமல் குடிக்கவைத்து அனுப்பினாள். அதற்குப் பிறகு அப்பா டம்ளரோடு வரவில்லை. ஒரு தடவை வந்தபோது வேட்டி மடித்துக் கட்டிச் சிரித்துக்கொண்டு போனார் என்று அவளே சொன்னாள். அதனால்தான் அவளிடம் போனேன்.

நான் சொல்லச் சொல்ல அத்தை கையில் இருந்த முருங்கைக்கீரையை ஆய்வதை நிறுத்திவிட்டாள்.

“மூஞ்சியக் காட்டவே இல்லையா?”

“இல்லக்கா.”

“கூப்பிட்டும் திரும்பலையா?”

“திரும்பல.”

செத்தவர்கள் முகம் காட்டிச் சிரித்தால் நல்லது. கேட்டால் கொடுக்க வேண்டும். கொடுத்தால் வாங்கக்கூடாது. வா என்றால் போகக்கூடாது. முதுகு காட்டினால் கோபம், வீட்டை விட்டு விலகிப்போகிறார்கள் என்று அர்த்தம். இதெல்லாம் அத்தை வாய்ப்பாடு மாதிரி வைத்திருக்கிறாள். “சேலை வைக்காம விட்டோம்ல” என்று மட்டும் சொன்னாள். பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்தாள். உள்ளே அம்மா படுத்திருந்தாள். எதை நினைத்துப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியும். நானும் மலையிலிருந்து இறங்கும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். ஆத்தா விலகிப்போனால் வயிற்றில் இருக்கிறதை யார் பார்ப்பது.

அம்மாவிடம் மூச்சுவிடக்கூடாது என்று இரண்டு பேரும் முடிவு பண்ணினோம். கர்ப்பிணியைப் பயமுறுத்தக்கூடாது என்று நினைத்துத்தான். திங்கட்கிழமை நான் மலை ஏறியதும் அத்தை பஸ் ஏறித் தேவாரம் ஊர்ப் பக்கம் ஒரு கோடாங்கியிடம் போயிருக்கிறாள். அவர் உடுக்கையை அடித்துப் பார்த்து, பெற்றவள் மனசு குளிரவில்லை, மூன்றாவதும் சந்தேகம்தான் என்று சொல்லி, மந்திரித்த கயிறு கொடுத்திருக்கிறார்.

ஆனால் அத்தைக்கு எதையும் வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். காரணம் சொல்லாமல் அம்மா கையில் கயிறு கட்டினாள். ஜன்னலைச் சாத்தினாள். வாசலுக்கு வராதே என்றாள். தலைமாட்டில் எலுமிச்சம்பழம் வைத்தாள். அம்மா என்ன என்ன என்று கேட்டிருக்கிறாள். மூன்று நாள் சமாளித்தவள், நாலாம் நாள் அழுதுகொண்டே கோடாங்கி சொன்னதுவரைக்கும் கொட்டிவிட்டாள்.

இது எதுவும் தெரியாமல் அந்தச் சனிக்கிழமை வந்தேன். மழையில் ஜீப்பு மெட்டிலேயே வெகுநேரம் நின்று, விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வீட்டுக்குள் நுழைந்தேன். அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் மதியம் போட்ட சோறு அப்படியே காய்ந்து கிடந்தது. ஜன்னல் மேடையில் மாத்திரை அட்டை இருந்தது. எண்ணிப் பார்த்தேன், மூன்று நாளைக்கு உண்டானது போடாமல் அப்படியே இருந்தது. கனாவைக் கண்டு பயந்ததைவிட அந்த மாத்திரை அட்டையைக் கண்டு பயந்தேன்.

மாத்திரை போடலையா என்று கேட்டேன். போட்டு என்னத்துக்கு என்றாள். சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். போகிறது என்று தெரிந்தபிறகு எதற்கு அதைப் பிடித்துவைத்து நோகடிக்கிறது என்றாள். குரலில் அழுகைகூட இல்லை. முதல் இரண்டு தடவையும் அழுதவள்தான். இந்தத் தடவை முன்கூட்டியே அழுது முடித்துவிட்டவள்போல இருந்தாள்.

அத்தை நிலைப்படியில் வந்து நின்றாள். தப்பு பண்ணிவிட்ட முகம். அவளைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை, முதலில் வாயைத் திறந்தவன் நான்தானே. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

பிறகு அம்மா என் பக்கம் திரும்பினாள்.

“மதினி சொன்னாங்க. ஆனா அது மதினி கண்ட கனா மாதிரி இருக்கு. நீங்க கண்டதை நீங்க சொல்லுங்க.”

சொன்னேன். காடு, சொட்டுகிற தண்ணீர், கொங்காணி, கூடை, முதுகு. கூப்பிட்டதையும் சொன்னேன், திரும்பாததையும் சொன்னேன். அவளைக் காப்பாற்ற எதையாவது மாற்றிச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், மாற்ற முடியவில்லை.

“கை என்ன செஞ்சுச்சு?” என்று கேட்டாள்.

“எந்தக் கை?”

“அவங்க கைதான். காய் எடுத்துச்சா, சும்மா தொங்குச்சா?”

பிள்ளைகளா, அதுவரை யாரும் என்னிடம் கையைக் கேட்கவில்லை. அத்தை கேட்டது முகத்தை. கோடாங்கி அத்தையிடம் கேட்டதும் முகத்தைத்தான். நானே முகத்தைத் தேடித்தான் இரண்டு கனாவிலும் ஓடியிருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டேன். கனா அவ்வளவு சீக்கிரம் திரும்பி வராது, தெரியுமே. முதலில் கொங்காணியின் நீலம் வந்தது. அப்புறம் அதன் ஓரத்தில் சொட்டு. அப்புறம் கை வந்தது.

வலது கையில் கம்பு இருந்தது. இடது கை பின்னால், என் பக்கமாக நீண்டிருந்தது. அதில் ஒரு தட்டையை வளைத்துப் பிடித்திருந்தாள். நான் கிட்ட வரும்வரை பிடித்திருந்து, வந்ததும் விட்டுவிட்டு அடுத்த தட்டையைப் பிடித்தாள். கூப்பிடுகிற அவசரத்தில் நான் அதைக் கவனிக்கவே இல்லை. ஆனால் பார்த்திருக்கிறேன்.

இதைச் சொன்னதும் அம்மா முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

“வழி விட்டுட்டுல்ல போறாங்க” என்றாள்.

நீங்கள் இரண்டு பேரும் ஏலக்காட்டை ரோட்டிலிருந்துதான் பார்த்திருக்கிறீர்கள். உள்ளே போனால் பகலிலேயே அந்தி மாதிரி இருக்கும். மழைக்காலத்தில் தட்டைகள் இரண்டு பக்கமும் சாய்ந்து பாதையே தெரியாது. இலைக்கு நடுவில் பச்சைப்பாம்பு இலையாகவே தொங்கும். காய் செடியின் அடித்தூரில், மண்ணை ஒட்டிச் சரமாகப் பிடிக்கும், குனிந்துதான் எடுக்க வேண்டும். அதனால் கூட்டமாகப் போகும்போது விவரமான ஒருத்தி முதலில் போவாள். ஒரு கையில் இருக்கிற கம்பால் தட்டித் தட்டிப் போவாள். இன்னொரு கையால் தட்டையை விலக்கி, பின்னால் வருகிறவள் கைக்கு வரும்வரை பிடித்துக்கொண்டு நிற்பாள். அப்படிப் பிடிக்காமல் விட்டால் ஈரத்தட்டை விர்ரென்று திரும்பி வந்து பின்னால் வருகிறவள் கண்ணில் அடிக்கும். முன்னால் போகிறவள் எந்தக் காரணத்துக்கும் திரும்பிப் பார்க்கமாட்டாள். யார் கூப்பிட்டாலும் வாயால் பதில் சொல்வாளே தவிரக் கண்ணைப் பாதையிலிருந்து எடுக்கமாட்டாள். கண்ணை எடுத்தால் பாம்பைப் பார்ப்பது யார்.

உங்கள் அம்மா அந்தக் காட்டில் பல வருஷம் பின்னால் நடந்தவள், சில வருஷம் முன்னாலும் நடந்தவள். நான் ஸ்டோருக்குள் தீயைப் பார்த்துக்கொண்டே காலத்தை ஓட்டியவன். எனக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் எனக்குத் தோன்றவில்லை.

நிலைப்படியில் நின்ற அத்தை இவ்வளவையும் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை.

“ஏத்தா, முன்னாடி போயி இவனைக் கூட்டிட்டுப் போறாங்கிறியா? அது கோவத்தைவிட மோசம்ல.”

எனக்கும் சுருக்கென்றது. வா என்றால் போகக்கூடாது என்பது அத்தையின் வாய்ப்பாட்டில் பெரிய விதி. ஆனால் அம்மா தயங்கவே இல்லை.

“கூட்டிட்டுப் போறவ கையப் புடிச்சு இழுப்பா மதினி. இவங்க தட்டையைல்ல புடிச்சிருக்காங்க. பின்னாடி வர்றவங்க கண்ணுல படக்கூடாதுன்னு.”

அத்தை நிலைப்படியிலேயே உட்கார்ந்தாள். குமரியாக இருக்கும்போது அவள் ஆத்தாவோடு ஒரே கூட்டத்தில் காய் எடுக்கப் போனவள், அது எனக்கு மறந்தே போயிருந்தது. அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஆத்தாதான் எப்போதும் முன்னால் போவாள் என்றாள். காப்பிச்செடிக் கம்பு ஒன்று வைத்திருப்பாளாம், நுனி வளைந்திருக்குமாம். கனாவில் கண்ட கம்பு நுனி வளைந்திருந்ததா என்று என்னைக் கேட்டாள். தெரியலக்கா என்றேன். தெரியவில்லை என்பதுதான் நிஜம். வளைந்திருந்தது என்று சொல்ல ஆசையாக இருந்தது. ஆனாலும் சொல்லவில்லை.

பள்ளிக்கூடம் லீவு விட்ட நாட்களில் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் ஆத்தா என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவாள். நான் அவள் பின்னாலேயே நடப்பேன். எனக்கு அவள் முகம் நினைவில்லாததற்குக் காரணம் அன்றைக்குத்தான் விளங்கியது. வெளிச்சத்தில் நான் அவளைப் பார்த்ததெல்லாம் அந்தக் காட்டுக்குள்தான். அங்கே அவள் முன்னால் போனாள், நான் பின்னால் போனேன். அவள் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது அந்த முதுகுதான். கனாவுக்கு வர அவளுக்கு அதைவிட நல்ல அடையாளம் வேறு என்ன இருக்கிறது. முகத்தோடு வந்திருந்தால் யாரோ என்று நினைத்திருப்பேனோ என்னமோ.

அம்மா சோற்றுத்தட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “சோறு வெறச்சுப்போச்சு மதினி” என்றாள். அத்தை எழுந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே. புதுசாக உலை வைத்து, ரசம் வைத்து, அப்பளம் பொரித்து, அம்மா சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். மாத்திரையை நான் எடுத்துக் கொடுத்தேன். அம்மா வாங்கிப் போட்டுக்கொண்டாள். ஜன்னலைத் திறந்துவிடச் சொன்னாள். கையில் கட்டிய கயிறு மட்டும் இருக்கட்டும் என்றாள், மதினி அவ்வளவு தூரம் பஸ்ஸில் போய் வாங்கிவந்தது என்று. கோடாங்கியைப் பற்றி அத்தை அப்புறம் சொன்னாள்: அவள் போனதற்கு முந்தின ராத்திரி அந்த ஊர்த் தோட்டத்தில் ஆனை இறங்கி அந்த ஊரே கண் மூடவில்லையாம். “அவனே தூங்கலை, தூக்கத்துல வர்றதுக்கு அவன் எங்க பலன் சொல்றது.”

மறு வெள்ளிக்கிழமை நான் லீவு போட்டு இறங்கிவந்து, ஆவணியாக இருந்தாலும் பரவாயில்லை என்று படையல் போட்டோம். அதற்குச் சேலை எடுக்க அத்தையும் நானும் கடைக்குப் போனோம். நான் இலைப்பச்சையில் ஒன்றை எடுத்து நீட்டினேன். “காலம் பூரா பச்சைக்குள்ளயே கெடந்தவளுக்குப் பச்சைச்சேலை எடுக்குறான் பாரு” என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, மாம்பழக் கலரில் சிவப்புக்கரை போட்டதை எடுத்தாள். இத்தனை வருஷம் நானாகப் போய் எடுத்திருந்தால் அவளுக்குப் பச்சையாகவே கிடைத்திருக்கும்.

புதுச்சேலை பெட்டிக்குள் போனது. பழைய சேலை வெளியே வந்தது. அத்தை அதைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வழக்கம்போல உள்ளே போய் உடுத்திக்கொண்டு வருவாள் என்று நின்றோம். அவள் நேராக அம்மாவிடம் போய், அம்மா தோளைச் சுற்றி அதைப் போர்த்திவிட்டாள். “உனக்கில்ல, உள்ள இருக்கிறவளுக்கு” என்றாள். பெண் என்று எப்படி முடிவு கட்டினாள் என்று அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. பெரியவளே, உன் தொட்டிலாகக் கட்டியது அந்தச் சேலைதான். அத்தையின் பங்கு அது. அவள் தனக்கு வர வேண்டியதை உனக்கு விட்டுக்கொடுத்தாள் என்பதை நீ தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

மாசி மாதம் நீ பிறந்தாய். குறித்த நாளுக்குக் கொஞ்சம் முந்தி, கொஞ்சம் எடை குறைவாக. பெரியாஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். ஒரு நர்ஸம்மா, பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை, தன் டூட்டி முடிந்த பிறகும் நின்று உன்னைப் பார்த்துவிட்டுப் போவார். முதல்முதலாக உன்னை என் கையில் கொடுத்தவர் அவர்தான். எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் நான் நின்றபோது, பச்சைக்காய் மூட்டை தூக்குறவருக்கு இது கனமா என்று கேட்டார்.

இப்போது நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். கனாவில் வருவது அவர்கள்தானா. எனக்குத் தெரியாது, மகளே. டாக்டரம்மா மாத்திரையும் கண்ணாடிப் பெட்டியும் இல்லாவிட்டால் நீ இல்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நன்றி கெட்டவன். ஆனால் அந்த மாத்திரை ஜன்னல் மேடையில் கிடந்ததையும் பார்த்தவன் நான். அதை மறுபடியும் அம்மாவின் கைக்குக் கொண்டுவந்தது எது என்று கேட்டால், அந்த முதுகுதான் என்று சொல்வேன். டாக்டரம்மாவுக்கும் கும்பிடு, ஆத்தாவுக்கும் கும்பிடு. ஒன்றுக்காக இன்னொன்றைக் குறைக்க எனக்கு மனசு வரவில்லை.

உங்கள் கனாவில் அவர்கள் வந்தால் பயப்படாதீர்கள். உயிரோடு இருந்தபோது நம் கண்ணை ஒரு தட்டை அடிக்கவிடாதவர்கள், செத்தபிறகு நமக்குக் கெடுதல் செய்யவா அவ்வளவு தூரம் வருவார்கள். அர்த்தம் தெரியவில்லை என்றால் வாய்ப்பாட்டைத் தேடாதீர்கள். அவர்கள் என்ன சோலி பார்த்தார்கள், எப்படி நடந்தார்கள், அதை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்குத் தெரிந்த பேச்சு அதுதான். அதோடு, கனா யாரைப் பற்றியதோ அவர்களிடம் முதலில் சொல்லுங்கள். நான் அம்மாவிடம் முதலில் சொல்லியிருந்தால் அவள் மூன்று நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருக்க வேண்டியதில்லை.

அத்தை இப்போதெல்லாம் கனாச் சொல்ல வருகிறவர்களிடம் முதலில் என்ன கேட்கிறாள், கவனித்தீர்களா? “அது கெடக்கட்டும், கை என்ன செஞ்சுச்சு?” என்றுதான். என்னமோ தானே கண்டுபிடித்த மாதிரி. அம்மா உள்ளேயிருந்து சிரிப்பாளே தவிர ஒரு வார்த்தை சொன்னதில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.

அந்தக் கனா எனக்கு மறுபடி வரவில்லை. சில விடியலில் வராதா என்று படுத்திருப்பேன். வந்தால் இந்தத் தடவை கூப்பிடாமல் பின்னாலேயே நடப்பேன்.

கடைசியாக ஒன்று. இதை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, பெட்டிச்சேலையில் தொட்டில் கட்டிப் போட்ட பிறகு, நான் வேலைக்கு ஏறினேன். முதல் கோடைமழை பெய்து ஓய்ந்திருந்தது. காய் எடுப்பு முடிந்து ஸ்டோர் சும்மா கிடந்த காலம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல், ஆத்தா காய் எடுத்த பழைய காட்டுப் பக்கம் நடந்தேன். உள்ளே ஒரு ஆள் கிடையாது. செடிகளின் அடியில் புதுச்சரம் அப்போதுதான் மண்ணைவிட்டு நீண்டுகொண்டிருந்தது. கம்பு ஒன்று ஒடித்துத் தட்டிக்கொண்டே கொஞ்ச தூரம் போனேன். பாதையில் சாய்ந்து கிடந்த ஒரு தட்டையை இடது கையால் வளைத்து, பின்பக்கமாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு ஆள் கடந்து போகிற நேரம் நின்றேன். இலையில் இருந்த தண்ணீர் முழங்கைவரை வழிந்தது. அப்புறம் தட்டை யார்மேலும் அடித்துவிடாதபடி, மெதுவாக, கையை விட்டேன்.